அரிசியும் பருப்பும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, திருப்பூரில் நண்பர்கள் நடத்தும் சிறியதோர் இலக்கியக் கூட்டத்தில் பேச நேர்ந்தது. தலைப்பை அவர்களே கொடுத்திருந்தார்கள். கொங்கு நாட்டு உணவு மரபு. வந்திருந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். மூன்றாவது வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருந்தார். மண்டபம் வீட்டுக்குப் பக்கம் என்பதாலும், அன்று வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதாலும் அழைத்துப் போயிருந்தேன். இருபது வருடமாகக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். அம்மா என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல்முறை.

பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்டது அரிசியும் பருப்பும் சாதத்தை. எங்கள் பக்கத்தில் அதை 'அரிசிம்பருப்பு' என்று ஒரே சொல்லாக்கிவிடுவார்கள். விருந்தினருக்கு ஆக்கும் பண்டமல்ல. கல்யாணப் பந்தியிலும் அதற்கு நெடுங்காலம் இடமிருந்ததில்லை. ஊருக்குப் போய்த் திரும்பிய இரவிலும், காய்கறி இல்லாத நாளிலும், வேலைக்குப் போய் அலுத்து வந்த பொழுதிலும் ஆக்குவது. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், மிளகு, மல்லி, மஞ்சள் எல்லாம் ஒரே பானையில் வெந்து இறங்கினால் வேலை முடிந்தது. ரசமோ பொரியலோ தேவையில்லை. மேலே நெய் விட்டுக்கொள்ளலாம், தயிர் ஊற்றிக்கொள்ளலாம். ஒன்றும் இல்லாவிட்டாலும் குறையில்லை.

இவ்வளவு எளிய பண்டத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவதென்றால் எங்கெங்கோ போய்வரத்தான் வேண்டும். மேடையில் ஏறும் ஆசிரியர்களுக்கு உரிய எல்லாக் கெட்ட பழக்கங்களும் எனக்கு உண்டு. பிள்ளையாரிடம் தமிழ் கேட்ட ஔவை அவருக்குக் கொடுப்பதாகச் சொன்ன நான்கு பொருள்களில் பருப்பும் ஒன்று என்பதில் தொடங்கினேன். பதினான்காம் நூற்றாண்டில் இந்தியா வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, இங்குள்ளவர்கள் பாசிப்பருப்பையும் அரிசியையும் சேர்த்து வேகவைத்து நெய்யோடு காலையில் உண்பதைக் குறித்து வைத்திருக்கிறார் என்றேன். அங்கிருந்து ஜெர்மனிக்குப் போனேன்.

ஜெர்மனிக்குப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. என் பழைய மாணவர் ஒருவர் பனியன் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறார். ஜெர்மனி சென்றபோது அங்கே ஒரு வீட்டில் அவருக்கு இரவு உணவு கொடுத்திருக்கிறார்கள். மைசூர்ப் பருப்பின் இனத்தைச் சேர்ந்த, தோல் நீக்காத பயறு. அதோடு உருளைக்கிழங்கும் கேரட்டும் சேர்த்து ஒரே பானையில் வேகவைத்து, இறக்கியபின் ஒரு கரண்டி வினிகர். 'ஐயா, காரம் போட்டிருந்தால் நம் வீடுதான்' என்றார் அந்த மாணவர். அந்த வகைச் சமையலுக்கு அங்கே 'ஐன்டோப்ஃப்' என்று பெயர். ஒரே பானை என்பது பொருள். மலிவானது, வயிறு நிறைவது, வீட்டுக்கு வீடு மாறுவது.

அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1933 அக்டோபரில் நாஜி அரசு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தது. குளிர்கால மாதங்களில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு எல்லாக் குடும்பங்களும் ஒரே பானைச் சமையலை மட்டும் உண்ண வேண்டும், அதில் மிஞ்சும் பணத்தைக் குளிர்கால நிவாரண நிதிக்குக் கொடுக்க வேண்டும். வீடு வீடாக வந்து வசூலித்தார்கள். தலைவர்கள் அதே உணவைப் பொது இடத்தில் உட்கார்ந்து உண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். ஏழை வீட்டுப் பானை திடீரென்று தேசத்தின் பெருமையாயிற்று. அங்கே அரசு மேலிருந்து ஏற்றிய பெருமை, இங்கேயோ அது மக்களின் இயல்பான மரபு என்று ஒரு வேறுபாட்டை நிறுவினேன். கை தட்டினார்கள்.

பிறகுதான் உச்சத்துக்குப் போனேன். இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. பானையின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டு, மேலிருக்கும் நல்ல சோற்றைப் பிள்ளைகளுக்கு வைத்த தாய்மாரைப் பற்றிப் பேசினேன். அந்தக் காந்தலின் கசப்பில்தான் இந்த ஊர் வளர்ந்தது என்றேன். குரல் கொஞ்சம் தழுதழுத்தது என்று நினைக்கிறேன். முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா நெடுநேரம் பேசவில்லை. பழைய பேருந்து நிலையத்தைத் தாண்டியபின் சொன்னார்.

"ஏஞ்சாமி, நான் எப்பக் காந்தலப் பாவப்பட்டுத் தின்னேன்?"

நான் வண்டியை மெதுவாக்கினேன்.

"எனக்கு அதுதான் புடிக்கும். அதுக்குன்னே கடைசீல அடுப்பக் கொஞ்சம் எரிய உட்டுருவேன். நீங்க கேட்டுருவீங்களோன்னு வெரசாச் சொரண்டி எந்தட்டத்துல போட்டுக்குவேன்."

சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டார். "பெருசா மரபுன்னியே. வேற வழியில்லாம ஆக்குனது அது. பருப்பு எத்தன போட்டேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது. 1984-ல் எனக்கு ஏழு வயது.

அந்த வருடம் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரின் தொழிற்சங்க வரலாற்றில் இன்றும் பேசப்படும் போராட்டம். அப்பா ஒரு கம்பெனியில் டெய்லர். அம்மா அதே கம்பெனியில் கைமடி. டெய்லர் தைத்துத் தள்ளும் துணியை எடுத்துக் கொடுத்து, திருப்பி, அடுக்கி, பிசிறு வெட்டிக் கொடுக்கிற வேலைக்கு இங்கே அதுதான் பெயர். வேலை இருக்கிற நாளில் காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் இருவரும் வருவார்கள். ஒன்றரை ஷிப்ட். அந்த நேரத்துக்கு மேல் அம்மா ஆக்கக்கூடியது அரிசிம்பருப்பு மட்டும்தான் என்பது இப்போது யோசித்தால் புரிகிறது. அப்போது அது எங்களுக்குப் பிடித்த சோறு, அவ்வளவே. சனிக்கிழமை சம்பளம் வந்தால் அப்பா ஊத்துக்குளி நெய் என்று ஒரு சிறு பொட்டலம் வாங்கி வருவார். உண்மையில் ஊத்துக்குளியில் உருக்கியதுதானா என்று யாரும் விசாரித்ததில்லை.

எங்கள் லைன் வீட்டில் தண்ணீர் இரண்டு வகை. உப்புத்தண்ணி எப்போதும் கிடைக்கும். நல்ல தண்ணி எப்போதாவது வரும், வந்தால் குடம் வரிசை தெருமுனை வரை நிற்கும். உப்புத்தண்ணியில் பருப்பு வேகாது. மணிக்கணக்கில் கொதித்தாலும் கூழாங்கல் மாதிரி கிடக்கும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச்சத்து பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடுகிறது என்று வேதியியல் துறை நண்பர் பின்னாளில் விளக்கினார். ஆகவே சோற்றுக்குத் தனியாக, பருப்புக்குத் தனியாக, குழம்புக்குத் தனியாக நல்ல தண்ணியைச் செலவழிக்க முடியாது. மண்ணெண்ணெயும் அளந்து எரிக்க வேண்டிய பொருள். ஒரு பானை, ஒரு அடுப்பு, ஒரே தண்ணீர், வடித்துக் கொட்ட ஒன்றுமில்லை. நான் மேடையில் மரபு என்று சொன்னதன் பாதி இந்தக் கணக்குதான்.

மறு பாதியை அம்மா அன்று திண்ணையில் சொன்னார். வேலைநிறுத்தம் இரண்டாவது மாதத்துக்குள் போனதும் கடையில் கடன் நின்றுவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை, தெருவே கடன்காரத் தெருவாக இருந்தது. ரேஷன் அரிசி இருந்தது. பருப்பு இல்லை. அம்மாவும் லைன் வீட்டுப் பெண்கள் சிலரும் அவிநாசிப் பக்கத்துக் காடுகளுக்குக் கூலிக்குப் போனார்கள். களை எடுத்தார்கள், கடலைக்காய் பறித்தார்கள். கூலியில் கொஞ்சம் பருப்பு வாங்கி, அதை முடிந்தவரை பல நாளுக்கு நீட்டினார்கள்.

"நாலு பேருக்கு ஒரு புடி போடறது போயி அரப் புடி ஆச்சு. அதுக்கப்பறம் அதும் இல்ல. வெரல்ல எடுத்துப் போட்டேன்."

"எங்களுக்குத் தெரியலையேம்மா."

"எப்படித் தெரியும்? சோறு தனியாக் கொழம்பு தனியா வெச்சா, கொழம்பு தண்ணியா இருக்கறது தெரிஞ்சுபோயிரும். உங்கப்பா ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க. தட்டத்தப் பாத்துப்போட்டு, பசிக்கலீன்னு எந்திரிச்சிருவாங்க. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு, மஞ்சத்தூளத் தூக்கலாப் போட்டுட்டா எது பருப்பு, எது சோறுன்னு யாருக்குந் தெரியாது. மஞ்சளா இருந்தாப் பருப்பு இருக்குதுன்னு அர்த்தம்."

வேலைநிறுத்தம் முடிந்து வேலைக்குப் போனபின்பும் மஞ்சளைக் குறைக்க வெகுநாளாயிற்றாம். குறைத்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். அப்பா இறந்து பதினொரு வருடம் ஆகிறது. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிற மனிதர் அவர், டஜன் கணக்கில் கூலி வாங்கியவர். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. காந்தலைத் தியாகம் என்று படித்திருந்தேன். அது அம்மாவின் திருட்டுத்தனமான சந்தோஷம். மஞ்சள் நிறத்தைச் சுவை என்று படித்திருந்தேன். அது ஒரு மறைப்பு. மாணவர்களின் விடைத்தாளில் இவ்வளவு தவறான பொருள்கோளைக் கண்டால் நான் எத்தனை மதிப்பெண் போட்டிருப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியின் அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் நினைவுக்கு வந்தன. இல்லாமையைப் பெருமையாக்க அரசாங்கம்தான் வேண்டும் என்பதில்லை, ஒரு ஒலிவாங்கியும் ஒரு தமிழாசிரியரும் போதும்.

இது நடந்து நான்கு மாதம் கழித்து, குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. என் மனைவி தாராபுரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலை ஏழுக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு வருவார். என் வகுப்புகள் மதியத்தோடு முடிந்துவிடும். ஆறு வாரம் மாவுக்கட்டு. மதியச் சமையல் என்னிடம் வந்து சேர்ந்தது. நாற்பத்தேழு வயதுவரை தேநீரைத் தவிர ஒன்றையும் அடுப்பில் வைத்திராதவன் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எங்கள் தலைமுறை ஆண்களில் பலர் இப்படித்தான், கேட்டால் பெண்ணியக் கவிதையில் ஆய்வேடு எழுதியிருப்போம்.

எளிதானது என்பதால் அரிசிம்பருப்பில் தொடங்கினேன். அம்மா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல்நாள் நான் குழாயைத் திறந்து பிடித்தது உப்புத்தண்ணி. நான்கு விசில் விட்டும் பருப்பு பல்லில் தட்டியது. இப்போது குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது, ஆனாலும் ஆழ்குழாய்த் தண்ணீரும் அதே சமையலறைக்குள் வருகிறது. எந்தக் குழாய் எது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்து வருடமாகக் குடியிருக்கும் சொந்த வீடு.

இரண்டாம் நாள் தண்ணீர் சரி. தக்காளியைத் தாராளமாக அரிந்து போட்டேன். புளிப்பு அதிகமானால் பருப்பு வேகத் தயங்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் பயந்துபோய்த் தண்ணீரைக் கூட்டிவிட்டேன். களியாயிற்று. "நோயாளிக்கு நல்லது" என்றார் அம்மா, தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி.

நான்காம் நாள் ஒரு மாதிரி வந்தது. ஆக்கத் தெரியாதவர்களுக்காக, நான் கற்ற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு. பருப்பை மட்டும் அரைமணி நேரம் முன்னதாக நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அரிசி வேகிற நேரத்தில் துவரம்பருப்பு வேகாது, அதற்குக் கொஞ்சம் முன்பணம் கொடுத்தாக வேண்டும். கடலெண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், கிள்ளிய வரமிளகாய் நான்கைந்து, கறிவேப்பிலை. பிறகு உரித்த சின்ன வெங்காயம் இருபது, பூண்டுப்பல் பத்து. வெங்காயத்தைப் பொடியாக அரிந்தால் அம்மாவுக்குக் கோபம் வரும், முழுசாகவோ இரண்டாகவோதான் கிடக்க வேண்டும், சாப்பிடும்போது வாயில் அகப்பட வேண்டும். நன்றாக வதங்கியபின் சிறிய தக்காளி ஒன்று, மஞ்சள், மல்லியும் மிளகும் வறுத்து நுணுக்கிய பொடி. அரிசி, பருப்பு இரண்டையும் சேர்த்து அளந்தால் ஒன்றுக்கு மூன்று தண்ணீர். தண்ணீர் கொதித்தபின் அரிசியையும் பருப்பையும் போட்டு, உப்புப் பார்த்து, குக்கரென்றால் மூன்று விசில். தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறிப் போடுகிற வீடுகளும் உண்டு. எங்கள் வீட்டில் அது இல்லை, ஏன் இல்லை என்று இப்போது தெரிகிறது.

மஞ்சளைப் போடும்போது அம்மாவைப் பார்த்தேன். "கால் கரண்டி போதும்" என்றார்.

இந்த ஆறு வாரத்தில்தான் பக்கத்து லைன் வீட்டுப் பையன்களையும் சரியாகப் பார்த்தேன். பீகாரிலிருந்து வந்தவர்கள், ஓர் அறையில் ஐந்து பேர். கட்டிங், அயர்ன் என்று வெவ்வேறு வேலை. சனிக்கிழமை இரவானால் அங்கேயும் குக்கர் விசில் கேட்கும். அவர்கள் ஊரில் சனிக்கிழமை கிச்சடி ஆக்குவது வழக்கமாம். அரிசியும் பருப்பும்தான், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கைச் சுட்டோ வேகவைத்தோ கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து வைக்கிறார்கள். ஒருநாள் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்கள். அம்மா இடது கையால் ஒரு வாய் எடுத்து மென்றுவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் பரப்பிப் பார்த்தார். நிறத்தைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"பருப்பு நெறையப் போட்டிருக்கறாங்க" என்றார். "பசங்க நல்லாத்தான் இருக்கறாங்க."

2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பும் கிலோ 30 ரூபாய்க்குத் தருகிறார்கள். அரைப் பிடி பருப்பை நாலு பேருக்கு நீட்டிய காலம் எங்கள் தெருவில் கடந்துபோயிற்று என்று சொல்லலாம்தான். ஆனால் இரவு எட்டரைக்கு மேல் வீட்டுக்கு வந்து, குளிக்கும் முன்பே குக்கரை ஏற்றுகிற பெண்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் நடந்து போனால் வீட்டுக்கு வீடு வெங்காயமும் பூண்டும் வதங்கும் வாசனை வரும். எத்தனை கை பருப்பு என்று வாசனையில் தெரியாது.

ஆய்வாளன் புத்தி ஒன்று எனக்குள் இருக்கிறது. ஒருநாள் அந்தக் காலத்து அளவிலேயே ஆக்கிப் பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். இரண்டு டம்ளர் அரிசி, விரல் நுனியில் எடுத்த பருப்பு, தூக்கலாய் மஞ்சள். எப்படி இருந்தது என்று நாக்குக்கு ஒருமுறை நினைவூட்டிப் பார்க்கும் ஆசை. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தக் கருமத்த எதுக்கு இப்ப ஆக்கற? வேலையத்து இருக்கறயா?"

ஆக்கவில்லை. வேறொன்று கேட்டார். குக்கரில் ஆக்குவதில் காந்தல் பிடிப்பதில்லை, அது ஒன்றுதான் குறை என்றார். பரண்மேல் அவருடைய பழைய பித்தளைப் போசி கிடந்தது. வேலைநிறுத்த காலத்தில் அம்மாவின் தோடு அடகுக்குப் போய்த் திரும்பவில்லை. அந்தப் போசி மட்டும் நசுங்கியிருந்ததால் யாரும் வாங்காமல் தப்பியது. உள்ளே ஈயப்பூச்சு போய்ப் பச்சை பூத்திருந்தது. பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன அனுப்பர்பாளையம் எங்களுக்குப் பக்கம்தான். கொண்டுபோய் ஈயம் பூசி வாங்கி வந்தேன். பூசியவர், "எவர்சில்வர் வந்தப்பறம் இதெல்லாம் யாருங்க கொண்டாறாங்க" என்றபடி போசியின் நசுங்கிய பக்கத்தையும் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார். அம்மா அதைப் பார்த்ததும் முதலில் கேட்டது, நசுங்கலை எதற்கு எடுத்தாய் என்பதைத்தான்.

மாவுக்கட்டைப் பிரித்த வாரம் சனிக்கிழமை, போசியில் ஆக்கினேன். தண்ணீர் சுண்டியதும் தட்டைப் போட்டு மூடி, தணலைக் குறைத்து, பிறகு அம்மா சொன்ன நேரத்துக்கு மறுபடி கூட்டினேன். காந்தல் எப்போது பிடிக்கிறது என்பதைச் சத்தத்தில் கண்டுபிடிக்க வேண்டுமாம். சிறுசிறுவென்று ஒரு ஓசை வரும், அது நின்றதும் இறக்க வேண்டும். நான் காதைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. கல்லூரியிலிருந்து, தேர்வுப் பணி குறித்து ஏதோ ஒன்று. பேசி முடித்துத் திரும்பியபோது ஓசை நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை.

மேல்சோறு நன்றாகவே இருந்தது. மனைவியும் மகளும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்கள். அம்மா தட்டை நீட்டிக் காத்திருந்தார். அடியைச் சுரண்டி வைத்தேன். ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டு மென்றார்.

"இது காந்தல் இல்ல சாமி. தீஞ்சது."

ஆனாலும் தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மகள் தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று கை நீட்டினாள். அம்மா தட்டைச் சற்றுத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.